கண் எரியும் வீடு

மைசூர் விஜயநகரில் அந்த வீட்டு வாசலில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய், கறுப்புக் கயிற்றில் கட்டிய படிகாரம், எலுமிச்சை மிளகாய்ச் சரம், கதவுக்கு மேல் ஆணியடித்த செப்புத் தகடு எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

“இத்தனை செக்போஸ்ட்டையும் தாண்டி ஒரு ஆவி உள்ள வருதுன்னா, அதுக்கு இந்த வீட்டுல யாரோ சொந்தக்காரங்க இருக்கோணுங்க்கா,” என்றான் சீனு.

“வாயை மூடிட்டு பெல்லை அடி,” என்றாள் சொர்ணலதா.

சொர்ணலதா ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், தீப்பிடித்த கடைகளும் காணாமல் போன லாரிகளும் உண்மையிலேயே தீப்பிடித்தனவா, காணாமல்தான் போயினவா என்று பார்த்துச் சொல்லும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவள். இப்போது ஒரு பேக்கரிக்கு மேலே சின்ன அறை எடுத்துத் தனியாகத் துப்பறிகிறாள். சீனு ஹனூர்ப் பக்கத்துக்காரன். தனியார் பஸ்ஸில் நடத்துநராக இருந்தவன், பயணிகளிடம் பேசிய பேச்சுக்காகவே வேலையை இழந்தவன். அந்தப் பேச்சுக்காகவே சொர்ணலதா அவனை வேலைக்கு வைத்துக்கொண்டாள். அவன் பேசப் பேச எதிரில் இருப்பவர்கள் அவளைக் கவனிக்க மறந்துவிடுவார்கள்.

கதவைத் திறந்தவள் உமாதேவி. பள்ளிக்கூட ஆசிரியை. முந்தின நாள் அலுவலகத்துக்கு வந்து அழுதவள்.

“வாங்க மேடம். இன்னிக்கு லீவு போட்டுட்டு உள்ளதான் படுத்திருக்கார்.”

உள்ளறையில் ஜன்னல்கள் மூடியிருந்தன. கட்டிலில் அவள் கணவன் சேகரன், கண்களின் மேல் ஈரத்துண்டு போட்டுப் படுத்திருந்தான். ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். நல்ல உயரமான மனிதன். அந்த உயரம் முழுவதும் இப்போது ஒரு போர்வைக்குள் சுருண்டு கிடந்தது.

“சார், எப்ப வருது? எப்படி வருது? உங்க வாயால சொல்லுங்க.”

சேகரன் துண்டை எடுக்கவில்லை. “சாயங்காலம் வேலை முடிஞ்சு வர்றப்போ. வீடு நெருங்க நெருங்க. நம்ம ரோட்டுல திரும்பினா போதும், நெத்தியில ஊசி குத்தற மாதிரி ஆரம்பிக்கும். அப்புறம் கண்ணு. நெருப்பு மேடம். வண்டியை நிறுத்திட்டு அப்படியே நிப்பேன்.”

“காலையில?”

“லேசா நமநமன்னு இருக்கும். அவ வழியனுப்பி வைக்கிறா.”

“யாரு?”

“மேல குடியிருந்த பொண்ணு. அனுப்ரியா. பேச மாட்டா. மூச்சு விடுவா. என் முகத்துக்கு அவ்வளவு கிட்ட. அந்தச் சத்தம் மட்டும் கேக்கும். அப்புறம் எரியும்.”

சொன்னவன் துண்டை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். நடிப்பென்று சொல்ல முடியாத பயம். சீனு தன்னையறியாமல் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டான்.

கூடத்துக்கு வந்ததும் உமாதேவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “கண் டாக்டரைப் பார்த்தாச்சு. அலர்ஜி மாத்திரை, சொட்டு மருந்து, எல்லாம் ஆச்சு. நேத்து அந்தச் சொட்டு மருந்து வாங்க மெடிக்கலுக்குப் போய்ட்டு வந்தார். வர்றப்பவே எரிச்சல். மிளகாய் சுத்திப் போட்டேன். போட்டா நெடியே வரல. அப்படின்னா பெரிய திருஷ்டின்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க.”

“மிளகாய் சுட்டா நெடி வரமாட்டேங்குது. சுடாதப்போ வருது. பேய்க்கும் உங்களுக்கும் டைமிங்தான் பிரச்சினைங்க,” என்றான் சீனு.

உமாதேவி சிரிக்கவில்லை. “நான் யாரைச் சந்தேகப்படறேன்னு நேத்தே சொன்னேன் இல்லையா மேடம்? அந்தப் பொண்ணோட அம்மா. தேவம்மான்னு பேரு. மார்டள்ளியில விவசாயம் பண்றாங்க. போன மாசம் வந்து கேட்டுக்கு வெளியவே நின்னாங்க. உள்ள கூப்பிட்டேன், வரல. ஒரு வார்த்தை பேசல. மேல அந்த ரூமையே பார்த்துட்டு நின்னுட்டுப் போய்ட்டாங்க. அன்னிலேர்ந்து இவருக்கு இன்னும் அதிகமாயிடுச்சு. அந்தம்மா ஏதோ செஞ்சு வெச்சிருக்காங்க. என்னன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. இவருக்குக் கண்ணு போச்சுன்னா எங்க கதி என்ன?”

“பொண்ணு எப்படிச் செத்தா?”

“ஆடி மாச மழை. வேலையிலேர்ந்து வந்து மாடிப்படி ஏறறப்போ வழுக்கி விழுந்துட்டா. நான் ஸ்கூல்லேர்ந்து வர்றேன், கீழ் படிக்கட்டுல கெடக்குறா. நான்தான் கத்தினேன். எல்லாரும் ஓடி வந்தாங்க. அதுக்கப்புறம்தான் இவரே வேலையிலேர்ந்து வந்தார். போலீஸ் விபத்துன்னு முடிச்சுட்டாங்க.”

“உங்களுக்கு எப்பவாவது அந்த எரிச்சல் வந்திருக்கா?”

“ஒரே ஒரு தடவை. சாமுண்டி மலைக்குப் போற வழியில. அம்மனே விலக்கிட்டான்னு திரும்பி வந்துட்டேன்.”

சொர்ணலதா மாடியைக் கைகாட்டினாள். “மேல ரூமைப் பார்க்கணும்.”

மாடிக்குப் படிகள் வீட்டின் பக்கவாட்டில் வெளியே ஏறின. நடுவில் ஒரு திருப்பம். உமாதேவி திருப்பத்தோடு நின்றுகொண்டு சாவிக்கொத்தை மட்டும் நீட்டினாள். அவள் அதற்குமேல் ஏறுவதில்லை என்பது சொல்லாமலே தெரிந்தது.

அறையில் ஒன்றுமில்லை. காலிக் கட்டில், காலி அலமாரி, பினாயில் வாடை. சுவரில் ஒரு கண்ணாடி மட்டும் மாட்டியபடி இருந்தது. அதன் ஓரத்தில் நாலைந்து ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. குளித்துவிட்டு வந்து எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒட்டியவை. சீனு அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

சொர்ணலதா அறையைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளையத்தில் ஒரு சாவி, ஒரு சின்ன ஸ்கூட்டி பொம்மை. அதோடு பிடித்து இழுத்தால் கழன்றுகொள்ளும் சின்ன எஃகுக் கொக்கி ஒன்று. அதன் மறுமுனையில் எதுவும் இல்லை.

“உமாதேவி, இந்தக் கொத்து உங்ககிட்ட எப்படி வந்தது?”

படித் திருப்பத்திலிருந்து பதில் வந்தது. “விழுந்தப்போ அவ கையில இருந்தது மேடம். போலீஸ் அவங்கம்மாகிட்ட குடுத்தாங்க. அந்தம்மா ஸ்கூட்டி சாவியை எடுத்துட்டு மிச்சத்தை எங்கிட்ட குடுத்தாங்க.”

“இந்தக் கொக்கியில ஒண்ணும் இல்லாமத்தான் வந்ததா?”

“இப்படியேதான்.”

சொர்ணலதா தன் கைப்பையின் வாரில் தொங்கிய சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினாள். அதே மாதிரிக் கொக்கி. அதில் லிப்ஸ்டிக் அளவில் ஒரு கறுப்புக் குப்பி.

“பெப்பர் ஸ்ப்ரே,” என்றான் சீனு. “அடடே, இத்தனை நாளா நான் அதை சென்ட்டுன்னு நினைச்சுட்டிருந்தனுங்க்கா. ஒருநாள் கல்யாணத்துக்குப் போறப்போ கேக்கலாம்னுகூட இருந்தேன்.”

“கேட்டிருந்தா மாப்பிள்ளையோட நீயும் சேர்ந்து அழுதிருப்பே. இந்தக் கொக்கி எதுக்குன்னா, அவசரத்துல சாவிக்கொத்தோட சேர்த்துத் தூக்கிக்கிட்டு நிக்கக் கூடாது. ஒரு இழுப்பு, குப்பி கைக்கு வந்துடணும். தானா கழலாது. அவ இழுத்திருக்கா. இழுத்த குப்பி படியில கிடந்திருக்கணும். ஏன் கிடக்கல?”

அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு இருவரும் இறங்கினார்கள்.

அனுப்ரியா வேலை பார்த்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பிசியோதெரபிப் பிரிவில். இவர்கள் பஸ்ஸில் வந்திருந்ததால் உமாதேவி கணவனின் ஸ்கூட்டரைக் கொடுத்தாள். சீனு கதவோரம் மாட்டியிருந்த பெரிய கறுப்பு ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்தான். சொர்ணலதா உமாதேவியின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். தசராவுக்கான சீரியல் விளக்குகளை ஆட்கள் மரங்களில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வானம் மூடிக்கொண்டு குளிர்ந்த காற்று வீசியது.

ஆஸ்பத்திரி கேன்டீனில் மீனா வந்து உட்கார்ந்தாள். அனுப்ரியாவோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவள். இருபத்தைந்து வயதிருக்கும். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழைவிடக் கன்னடம் அவளுக்குச் சரளம்.

“போலீஸ் என்னை ஒண்ணுமே கேக்கல மேடம். ‘வழுக்கி விழுந்தா’, அஷ்டே, அவ்வளவுதான். முடிஞ்சுது.”

“அவ ஸ்ப்ரே வெச்சிருந்தாளா?”

மீனாவின் முகத்தில் சட்டென்று ஒரு உயிர் வந்தது. “வெச்சிருந்தாளாவா? எங்க எல்லாருக்கும் அவதான் டீச்சர். முதல்ல ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினா. புகை மாதிரிப் பரவற டைப். அதை டெரஸ்ல அடிச்சுப் பார்த்தா. காத்து இந்தப் பக்கம் திரும்பிடுச்சு. நாங்க ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் அழுதோம். அப்புறம் படிச்சுப் படிச்சுக் கண்டுபிடிச்சா. வெளியில, காத்துல, வண்டியில போறவங்களுக்குப் புகை டைப் ஆகாது. நூல் மாதிரி நேராப் பீய்ச்சற டைப்தான் வேணும். குறி பார்க்கத் தெரியணும், ஆனா நம்ம மேல திரும்பாது.”

“குப்பியோட லாக்?”

“அவ இடது கைக்காரி மேடம். அதனால கடையில நின்னு ஒவ்வொண்ணையும் இடது கட்டைவிரலால தள்ளித் தள்ளிப் பார்ப்பா. கடைக்காரருக்குக் கோபம் வரும். ‘கண்ணை மூடிட்டுத் திறக்க முடியலேன்னா அது எனக்கு வேண்டாம்’பா. மாசம் ஒருதடவை குலுக்குவா. வண்டி சீட்டுக்கு அடியில வைக்கவே மாட்டா. வெயில்ல சூடாகிக் கசியும்னு சொல்லுவா. கைப்பைக்குள்ள போட்டு வைக்கிறவங்களைப் பார்த்தா திட்டுவா. ‘அவன் வர்றப்போ பர்ஸ், சீப்பு எல்லாத்தையும் எடுத்து வெளிய வெச்சுட்டுத் தேடுவியா’ன்னு.”

“ரொம்ப விவரமான புள்ளைங்க,” என்றான் சீனு மெதுவாக.

“யாருக்காவது பயந்தாளா?” என்று கேட்டாள் சொர்ணலதா.

மீனா மேஜையைப் பார்த்தாள். “பேர் சொல்லல. மாடிப்படி ஏறறப்போ கீழே யாரோ நின்னு பார்க்கிற மாதிரி இருக்குன்னா. கதவைப் பூட்டறவரைக்கும் நிக்கிற மாதிரி. வேற வீடு பார்த்துட்டிருந்தா.”

“கடைசியா எந்த ஸ்ப்ரே வெச்சிருந்தா?”

“அதைத்தான் சொல்ல வந்தேன். பழசு தேதி முடிஞ்சுபோச்சு. தேதி முடிஞ்சா உள்ள இருக்கிற அழுத்தம் குறைஞ்சுடும், பாதி தூரத்துலயே விழுந்துடும்னு அவளுக்கு ஒரே கவலை. அன்னிக்கு, அந்தக் கடைசி நாள், டியூட்டி முடிஞ்சதும் ரெண்டு பேரும் போய்ப் புதுசு வாங்கினோம். இந்தத் தடவை சாயம் கலந்தது வேணும்னு கேட்டு வாங்கினா. ஆரஞ்சு கலர். பட்டா சீக்கிரம் போகாது. ‘ஓடிப்போனாலும் அடையாளம் இருக்கும்’னா. கடைக்குப் பின்னாடி ஒரு காலி சைட்ல நின்னு ஒரு சொட்டு அடிச்சுப் பார்த்தா. இங்க பாருங்க.”

துப்பட்டாவின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். கடுகளவுக்குச் சில ஆரஞ்சுப் புள்ளிகள். “எத்தனை தடவை துவைச்சும் போகல. போகவும் வேண்டாம்னு விட்டுட்டேன்.”

“அங்கேயிருந்து?”

“நேரா வீட்டுக்குப் போனா. தூறல் ஆரம்பிச்சுடுச்சு. கை ஆட்டிட்டுப் போனா மேடம்.” மீனா துப்பட்டா ஓரத்தை மடித்துக்கொண்டாள். “அது பட்ட இடத்துல வெறும் தண்ணி ஊத்தக் கூடாது,” என்றாள், வேறெதையாவது சொல்ல வேண்டுமென்று. “அது எண்ணெய். காஞ்சு ஒட்டிட்டா அப்படியே இருக்கும். ஈரம் பட்டா மறுபடி எழுந்துக்கும். சோப்பு போட்டாத்தான் போகும். தேய்க்கக் கூடாது. இதெல்லாம் அவ சொல்லிக் குடுத்தது.”

திரும்பும் வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. சீனு ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியை ஓட்டினான். உள்ளே புழுக்கமாக இருந்திருக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்திருந்த சொர்ணலதா யோசித்துக்கொண்டே வந்தாள். கொக்கியிலிருந்து கழற்றிய குப்பி எங்கே போயிருக்கும்? மழைத்தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் படி மேல் விழுந்த ஒரு பெண்ணின் கையில் சாவிக்கொத்து இருக்கிறது, குப்பி மட்டும் இல்லை.

“அக்கா,” என்றான் சீனு.

“என்ன?”

“யாரோ மூச்சு விடறாங்க.”

“நீதான் விடறே.”

“நானில்லைங்க்கா. இங்க, காதுகிட்ட…” அவன் குரல் வேறாக இருந்தது. அடுத்த கணம் வண்டி தள்ளாடியது. “ஐயோ! கண்ணு! அக்கா, கண்ணு எரியுது! நெத்தியெல்லாம்…”

எப்படியோ ஓரமாக நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைப் பிடுங்கித் தரையில் போட்டான். நெற்றியும் புருவமும் செக்கச் சிவந்திருந்தன. கண்களைத் திறக்க முடியவில்லை. “நான் அவளை ஒண்ணுமே பண்ணலையேங்க! அந்த ஸ்டிக்கர் பொட்டுகளைக்கூடத் தொடலைங்க!”

“கண்ணைத் தேய்க்காதே!” சொர்ணலதா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரி பசம்மா ஓடி வந்தாள். “ஏனாய்த்து அண்ணா?” என்று கன்னடத்தில் கேட்டபடியே தண்ணீர் மொண்டு வந்தாள். சொர்ணலதா பாத்திரம் தேய்க்கும் சோப்பை வாங்கி நுரை செய்து, அவன் நெற்றியைக் கழுவிக் கழுவித் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் சீனு ஒரு கண்ணைப் பாதி திறந்து உலகத்தைப் பார்த்தான்.

“கண்ணு தெரியுது. அந்தம்மா வெச்சிருக்கிற பன்னுகூடத் தெரியுது,” என்றான். “அக்கா, அது நிஜமாவே வந்துச்சுங்க. மூச்சுச் சத்தம் கேட்டுச்சு.”

சொர்ணலதா ரோட்டோரம் கிடந்த ஹெல்மெட்டை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்தாள். உள்ளே கறுப்புப் பஞ்சுத் துணி. கறுப்பில் எந்தக் கறையும் தெரியவில்லை. தன் வெள்ளைக் கைக்குட்டையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, நெற்றி படுகிற பட்டையில் வைத்து அழுத்தித் துடைத்தாள்.

கைக்குட்டையில் ஆரஞ்சு நிறம் ஏறியது.

இன்னொரு தடவை துடைத்தாள். இன்னும் ஏறியது.

“கண்ணாடியை இறக்கினா உன் மூச்சு உனக்கே கேக்கும். வேர்த்துச்சுன்னா காஞ்ச எண்ணெய் மறுபடி கரைஞ்சு கண்ணுக்கு இறங்கும். காலையில குளிருக்கு லேசா. சாயங்காலம் வீடு வந்து சேர்றதுக்குள்ள நல்லா வேர்த்திருக்கும், அப்ப நெருப்பா. மெடிக்கலுக்குப் போனாலும் வரும். வீட்டுல படுத்திருந்தா வராது. உமாதேவி மலைக்குப் போன அன்னிக்கு யார் ஹெல்மெட்டைப் போட்டுட்டுப் போனாங்கன்னு கேட்டுப் பாரு.”

“அப்ப பேய் இல்லைங்களா?” சீனு மூக்கை உறிஞ்சினான். “சரிங்க, ஹெல்மெட்டைத் துவைச்சுக் குடுத்துட்டா கேஸ் முடிஞ்சுது. எங் கண்ணுக்கு ஒரு…” பாதியில் நிறுத்தினான். பேச்சு நின்ற இடத்தில் முகம் மாறியது. “ஏனுங்க்கா… இந்த ஆரஞ்சு எப்படி இதுக்குள்ள வந்துச்சு?”

“அதான். நேராப் பீய்ச்சற டைப். காத்துல பறந்து வந்து ஒட்டாது. கண்ணாடி தூக்கியிருந்த ஹெல்மெட்டுக்குள்ள, முகத்துக்கு நேரா அடிச்சாத்தான் இங்க படும்.”

“எப்பவோ ஒருநாள் விளையாட்டுக்கு…”

“எப்பவோ இல்ல சீனு. சாயம் வெச்சதை அவ அன்னிக்குத்தான் வாங்கினா. வாங்கினது சாயங்காலம். வீட்டுக்கு வந்தது சாயங்காலம். செத்தது சாயங்காலம். அந்தக் குப்பி இந்த உலகத்துல இருந்ததே அவ்வளவு நேரம்தான். அந்த நேரத்துல இந்த ஹெல்மெட்டைப் போட்டவர், எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வந்தார்னு உமாதேவி சொன்னாங்க.”

பசம்மா டீயை வைத்துவிட்டுப் போனாள். இருவரும் அதைத் தொடவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. ஹெல்மெட்டை ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கட்டியிருந்தாள் சொர்ணலதா. அதைக் கூடத்து மேஜையில் வைத்தாள்.

“கண்டுபிடிச்சுட்டீங்களா மேடம்? அந்தம்மா என்ன வெச்சாங்க?” உமாதேவி ஆவலோடு கேட்டாள்.

“அந்தம்மா ஒண்ணும் வைக்கல. நீங்க மலைக்குப் போனப்போ இதைத்தானே போட்டுட்டுப் போனீங்க?”

“ஆமாம். என்னோடதுல வார் அறுந்திருந்தது.”

சேகரன் துண்டைக் கையில் பிடித்தபடி அறை வாசலுக்கு வந்து நின்றான். மேஜையிலிருந்த பையைப் பார்த்தான். சொர்ணலதா கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். நிறம் எங்கிருந்து வந்தது, எதில் இருந்தது, அதை அந்தப் பெண் எந்த நாளில் வாங்கினாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. உமாதேவிக்கு முதலில் எதுவும் எட்டவில்லை. அவள் நிம்மதியோடு தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பாதியில் தலை ஆட்டுவது நின்றது.

சேகரன் கேட்ட முதல் கேள்வி சீனுவைத் திடுக்கிட வைத்தது.

“அப்ப… அவ வரலையா?”

“இல்ல.”

“ஒருநாள்கூட வரலையா?”

“இல்ல சார். நீங்களேதான் தினமும் எடுத்துத் தலையில மாட்டிக்கிட்டீங்க.”

சேகரன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அழுதான். முதலில் அது விடுபட்டவனின் அழுகை மாதிரியே இருந்தது. பிறகு வேறாக மாறியது.

“பேசத்தான் போனேன். வேற வீடு பார்க்கறான்னு தெரிஞ்சுது. ஏன்னு கேக்கத்தான், ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம, படி ஏறினேன். ‘மேல வராதீங்க’ன்னா. ரெண்டு தடவை சொன்னா. நான் நிக்கல. முகத்துல அடிச்சா. கண்ணு தெரியல, கையை வீசினேன்…”

“அப்புறம்?”

“சத்தம் கேட்டுச்சு. தடவித் தடவி இறங்கினேன். அவ பக்கத்துல அந்தக் குப்பி கிடந்தது, கையில பட்டுச்சு. எடுத்துட்டுப் போய் ஏரியில போட்டேன். சோப்பு போட்டு நிறம் போறவரைக்கும் முகத்தைக் கழுவிட்டு, நேரம் கழிச்சு வந்தேன்.” அவன் காதுகளைப் பொத்திக்கொண்டான். “மூச்சு விட்டுட்டிருந்தா. நான் தாண்டிப் போறப்போ மூச்சு விட்டுட்டுத்தான் இருந்தா.”

உமாதேவிதான் எழுந்தாள். கணவனைத் தாண்டி உள்ளே போய்க் கைபேசியை எடுத்து வந்தாள். எண்ணை அழுத்தும்போது விரல் தவறியது. திரும்ப அழுத்தினாள்.

“உமா,” என்றான் சேகரன்.

“நான் வந்தப்போ சூடா இருந்தா,” என்றாள் அவள், அவனைப் பார்க்காமல். “கையைப் பிடிச்சேன், சூடா இருந்தது. இப்பத்தான் உழுந்திருக்கான்னு நினைச்சேன். நீங்க கூப்பிட்டிருந்தா பொழைச்சிருப்பா இல்லையா?” மறுமுனையில் யாரோ பேசினார்கள். அவள் கன்னடத்தில் தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் நிதானமாகச் சொன்னாள். பிறகு மேஜையிலிருந்த பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். சேகரன் அதன் பக்கம் ஒரு தடவை கையை நீட்டினான். அவள் இரண்டு கைகளாலும் பையை அணைத்துக்கொண்டாள். ஜீப் வந்து, அதை வாங்கிக்கொள்ள ஒரு பெண் போலீஸ் கையை நீட்டும்வரை விடவில்லை.

மறுநாள் காலையில் சொர்ணலதாவும் சீனுவும் மார்டள்ளிக்குப் பஸ் ஏறினார்கள். போனில் சொல்கிற செய்தியில்லை என்று சொர்ணலதாவுக்குப் பட்டது.

தேவம்மா மக்காச்சோளக் காட்டில் கதிர் ஒடித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் யாரென்று சொன்னதும் வரப்புக்கு வந்து உட்கார்ந்தாள். மெலிந்த, கறுத்த முகம். சொர்ணலதா எதையும் குறைக்காமல் சொல்லி முடித்தாள். அந்தம்மா வரப்பிலிருந்த ஒரு மண்கட்டியை விரலால் பொடித்துக்கொண்டே இருந்தாள்.

“எம்புள்ள பயந்துட்டாளுங்களா?” என்றாள் கடைசியில்.

சொர்ணலதா யோசித்தாள். “பயந்திருப்பா அம்மா. பயந்துட்டும் கை நடுங்கல. அடிச்சது நேரா நெத்திக்குப் போயிருக்கு.”

தேவம்மா தலையை அசைத்தாள். “நான் அங்க வந்து நின்னனுங்க. அந்தப் படியைப் பார்த்தா வழுக்கிற படியாட்டமே தெரியல. அதைத்தான் பார்த்துட்டு நின்னேன். யார்கிட்டப் போய்ச் சொல்றதுங்க? ஊருக்குள்ள எல்லாரும், போனைப் பார்த்துக்கிட்டே நடந்திருப்பா, டவுனு போனா கண்ணு தெரியாதுன்னு பேசுனாங்க. நானும் கேட்டுட்டு இருந்தேன்.”

“இனி அப்படிப் பேச மாட்டாங்கம்மா,” என்றான் சீனு.

“எப்படித் தெரியும் அவங்களுக்கு? நான் சொன்னா பெத்தவ பேச்சும்பாங்க. நீங்க ரெண்டு பேரும் கூட வாங்க சாமி.”

அவள் எழுந்து சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகினாள். ஒடித்த கதிர்களை அப்படியே போட்டுவிட்டு ஊரைப் பார்த்து நடந்தாள். அவர்கள் வருகிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெரு முனையில் முதல் வீட்டின் முன்னால் ஒரு டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தேவம்மா அந்த ஈரத்தில் கால் வைத்து நின்று, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தாள்.

“சென்னப்பண்ணா, வீட்டுல எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க. எம்புள்ள வழுக்கி உழுகுல.”